கொட்டை எடுத்த புளி

மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து வீடு வந்ததிலிருந்து ஒரே பேச்சு. ஷைனி கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கையில் என்ன கொடுத்து அனுப்புவது? இவர் எவர்சில்வர் கிண்ணம் என்றார். நல்ல கனத்தில் வாங்க நம்மால் ஆகாது, தகடு மாதிரி வாங்கினால் சிரிப்பார்கள். ஷைனி மரக்கன்று என்றாள். மே மாத வெயிலில் கன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்களா? மண்டப வாசலிலேயே வாடிக் கிடக்கும். தேங்காய் போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் பையோ நம் வீட்டிலேயே ஒரு மூட்டை இருக்கிறது.

எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். புளி. நம் மரத்துப் புதுப் புளி. ஓடு, நார், கொட்டை எல்லாம் எடுத்து, நானே தைத்த காடாத் துணிப் பையில் அரைக் கிலோ. புளி வேண்டாம் என்கிற வீடு இந்த ஜில்லாவில் உண்டா?

"கல்யாணத்துக்குப் புளியாம்மா?" என்று ஷைனி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

இவர், "உன் இஷ்டம் மேரி" என்றார். அது போதும் எனக்கு.

மார்ச் 14, செவ்வாய்

மாதிரிக்கு ஒரு பை தைத்தேன். சிவப்பு நாடா கோர்த்ததும் களையாக இருந்தது. பாதியில் கரண்ட் போனதால் ஒரு ஓரம் தையல் கோணிவிட்டது. மிஷின் மேல் வைத்திருந்தேன், காணோம். எலி இழுத்திருக்கும் என்கிறார் இவர். எலிக்கு எதற்குச் சிவப்பு நாடா? போகட்டும். வேறு தைத்துவிட்டேன், இந்த முறை நேராக.

மார்ச் 26, ஞாயிறு

நானும் ஷைனியும் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். விரல் நுனியெல்லாம் புண், சோறு பிசைந்தால் எரிகிறது. இவர் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முறம் புளிக்குக் கொட்டை எடுத்துக் கொடுத்தார்! வீட்டு வேலையில் இந்த மனுஷன் கை வைத்து நான் பார்த்ததே இல்லை. "பொண்ணு கல்யாணம்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

தவக்காலம் முடிந்தது. இத்தனை நாள் எந்தக் கோவிலிலும் கல்யாணம் கிடையாது. இனி வரிசையாக வரும். இவர் தம்பி மரியசூசை வீட்டுக் கல்யாணம் 24-ஆம் தேதி பென்னாகரத்தில், அடுத்து மே 3-ஆம் தேதி நம்முடையது. அங்கே வருகிற அதே சொந்தம்தான் இங்கேயும் வரும்.

மரியசூசை பெண்டாட்டி நிர்மலா போன் பண்ணினாள். ஓர்ப்படி என்றுதான் பெயர், நான் கூடப்பிறந்தவளாகத்தான் வைத்திருக்கிறேன். என்னவோ கேட்க வந்து, "ஒண்ணுமில்லைங்கக்கா, நீங்க நல்லா இருந்தா போதும்" என்று வைத்துவிட்டாள். பாவம், கல்யாண வேலை அசதி போல.

ஏப்ரல் 24, திங்கள்

பாதகத்தி.

என் பை. அதே காடா, அதே சிவப்பு நாடா. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருகிறேன், வாசலில் நிர்மலாவின் தங்கச்சி சிரித்துக்கொண்டே நீட்டுகிறாள். உள்ளே புளி. கொட்டை எடுத்த புளி!

"நிர்மலா மூளையப் பாருங்க! தூக்கிப் போடற பொருளா இது?" — பின்னால் ஒரு அம்மா. என்னைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டிய பேச்சு, என் வாசலில் கேட்டிருக்க வேண்டிய பேச்சு. இனி இதையே நான் கொடுத்தால்? பார்த்துக் காப்பியடித்தவள் ஆகிவிடுவேன். இவர் பையை வாங்கி, எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்குது" என்றார். நல்லா இருக்குதாம்! எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

ஏப்ரல் 25, செவ்வாய்

காலை முதல் பஸ்ஸுக்கே பென்னாகரம் போனேன். பந்தல்கூடப் பிரிக்கவில்லை. "ஏண்டி, என் வயித்துல அடிச்சிட்டியே"ன்னு வாசல்ல நின்னு கத்திப்புட்டேன்.

நிர்மலாவும் அழுதாள். "மாமாதாங்கக்கா வந்து சொன்னாரு. நீங்க புளி வேணாம்னு வுட்டுட்டீங்களாம், மனசு நொந்து போயிருக்கீங்களாம். அக்காகிட்ட இதப் பத்திப் பேசாத, அழுவா, நீ வேணா குடுன்னாரு. பையும் அவருதான் குடுத்தாரு."

உள்ளே போய் எடுத்து வந்தாள். கரண்ட் போனபோது தைத்தது. கோணல் தையல்.

யார் மாமா? என் வூட்டுக்காரர் சவுரியப்பன்தான், வேற யாரு!

திரும்பி வருகிற வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பை காணாமல் போனது எப்போது? அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுத்தது எப்போது? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதானே உக்காந்தாரு? என் விரலைப் பாத்துக்கிட்டே?

ஏப்ரல் 26, புதன்

கேட்டேன். ஒளிக்கவில்லை. மாப்பிள்ளை ஆரோக்கிய பிரவீனின் அம்மா, அதாவது மொரப்பூர் சம்பந்தியம்மா, புளி என்றதும் முகம் சுளித்தார்களாம். "அவங்க முன்னாடி நான் தலைகுனியணுமா? நேராச் சொன்னா நீ கேக்க மாட்ட. தம்பி வூட்டுல மொதல்ல குடுத்துட்டா நீயே வுட்டுருவன்னு நெனச்சேன்." புளிக்குப் பதிலாகக் கொடுக்க, தர்மபுரியில் தட்டுக்கு அப்போதே சொல்லியாகிவிட்டதாம்.

சாயங்காலம் தட்டு வந்து இறங்கியது. பிளாஸ்டிக் மாதிரி ஏதோ ஒன்று, நட்ட நடுவில் ஷைனி படமும் மாப்பிள்ளை படமும். யாராவது மனுஷ மூஞ்சி மேல சோறு போட்டுத் திம்பாங்களா?

ஷைனி, "விடும்மா, கல்யாணம் முடியட்டும்" என்கிறாள். அவளுக்காக வாயை மூடிக்கொள்கிறேன். அவளுக்காக மட்டும். தைத்த பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். உன் கல்யாணத்துக்கு என் கையால் ஒன்று செய்ய ஆசைப்பட்டேன் சாமி, அதையும் பிடுங்கிட்டாரு உங்கப்பன்.

மே 3, புதன்

கல்யாணம் நன்றாக முடிந்தது. ஷைனி அழகு. நிறையத் தட்டுகள் நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தன. என் மகள் முகத்தை யாரும் மிதித்துவிடக் கூடாதே என்று குனிந்து குனிந்து பொறுக்கினேன்.

மே 21, ஞாயிறு

சம்பந்தியம்மா போன் பண்ணினார்கள். ஷைனி நன்றாக இருக்கிறாளாம். பிறகு தயங்கித் தயங்கி, "பென்னாகரத்துக் கல்யாணத்துக்கு நாங்களும் வந்திருந்தப்போ உங்க ஓர்ப்படி வூட்டுல குடுத்தாங்களே புளி, அது தீந்துபோச்சுங்க. அந்த மாதிரி சுத்தமான புளி உங்ககிட்ட கெடைக்குமுங்களா?"

என்னால் அடக்க முடியவில்லை. "புளின்னதும் நீங்க முகம் சுளிச்சீங்களாமே?" என்று கேட்டேவிட்டேன்.

"நானுங்களா? நீங்க என்ன குடுக்கப் போறீங்கன்னு எங்ககிட்ட யாருமே பேசலீங்களே."

யாருமே பேசவில்லை. ஆக, தலைகுனிவு இவருக்குத்தான். என் புளி இவருக்குத்தான் கேவலம். அதையும் அந்த அம்மா தலையில் கட்டிவிட்டிருக்கிறார்.

மத்தியானம் புளிக்குழம்பு வைத்தேன், நம் புளியில். எப்போதும் சாப்பிடுகிற எவர்சில்வர் தட்டை உள்ளே வைத்துவிட்டு, அந்தத் தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஷைனி முகத்துக்குக் கீழே, ஓரமாகச் சோறு. குழம்பை நான் ஊற்றவில்லை, கிண்ணத்தை நகர்த்தி வைத்தேன்.

"சம்பந்தியம்மா புளி கேட்டாங்க. நாளைக்கு நான் மட்டும் மொரப்பூர் போறேன், பையெல்லாம் எடுத்துக்கிட்டு."

கரண்டியை எடுத்தார். தட்டில் ஷைனி சிரித்துக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார். வெறும் சோற்றை ரெண்டு வாய் தின்றார்.

"வேற தட்டு இல்லியா மேரி?"

"இதானே நல்லா இருக்குதுன்னு வாங்கினீங்க."

நான் என் தட்டில் குழம்பு ஊற்றிப் பிசைந்தேன். விரல் புண் ஆறிவிட்டது, எரியவில்லை. வயிறாரச் சாப்பிட்டேன்.