நிறுத்தச் சொன்னாலும் நிற்காத வண்டி

கொட்டகலை,
சனிக்கிழமை காலை.

அன்பு மகள் பிரியந்திக்கு,

ஆண்டியப்பன் மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை வேலாயி, உன் பிள்ளைகள் லோஜினியும் தனுஷனும், போன மாதம் புதுத் தகரம் போட்ட நம் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரை உட்பட எல்லோரும் சுகம், கட்டார் வெயிலோடு மல்லுக்கட்டாமல் நீயும் அப்படியே இருக்க வேண்டும். ஆறு வயதில் என் அக்கா உன்னை என் கையில் விட்டுப் போன நாளிலிருந்து உன்னை மகள் என்று எழுத எனக்கு உரிமை உண்டு, அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன், இனி நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று நம் தோட்டத்து மாரியம்மன் மேல் சத்தியம் செய்தே தொடங்குகிறேன், நீ நம்பிவிட்டால் எனக்குத்தான் அவமானம். போனில் சொல்லியிருப்பேன், பாதியில் சிரித்துக் கெடுத்துவிடுவாய், மேல் லயத்துக் கிஷாந்த் கட்டாருக்கு வருகிறான் என்றதும் அவன் பையில் வைக்க இதை எழுதுகிறேன்.

உன் கவலை எனக்குத் தெரியும். புலமைப்பரிசில் பரீட்சை பாஸ் பண்ணி ஹட்டன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தும் லோஜினி பஸ் ஏறமாட்டேன் என்று நின்றாள், போன மழைக்கு பஸ் வழுக்கி ரோட்டோரக் கானுக்குள் சக்கரம் இறங்கியதே, யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை, ஆனால் அன்றிலிருந்து அவள் பஸ் படியில் கால் வைக்கவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள், ஹட்டனுக்கு நடக்க முடியுமா. நீயும் போனில் அழுதுகொண்டு, ஜனவரியில பள்ளிக்கூடம் தொறக்கிற வரைக்கும் பாக்குறேன் மாமா, புள்ள பஸ் ஏறலன்னா ஒப்பந்தத்த முறிச்சிட்டு வந்துர்றேன், நானே கையப் புடிச்சிக் கூட்டிப் போறேன் என்றாய். உன் அத்தை அன்று சோறு சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன், யோசனை பண்ணத் தெம்பு வேண்டுமல்லவா.

முப்பத்தொரு வருடம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டி, இந்த மலைநாட்டு வளைவுகளெல்லாம் என்னைக் கண்டதும் தாமாகவே நிமிர்ந்து வழிவிட்ட காலத்தைப் பார்த்தவன் நான். இந்தச் சின்னப் பயத்துக்கு ஒரு பெரிய பயத்தைக் காட்டினால் போதும் என்று முடிவெடுத்தேன். கொழும்புப் பக்கம் புதிதாகத் திறந்த பூங்காவில் குடும்பத்தோடு ஏறுகிற ரோலர் கோஸ்டர் வந்திருக்கிறது என்று கொழும்புக் கடையில் வேலை செய்யும் உன் புருஷன், நம் மாப்பிள்ளை, அங்கிருந்தே டிக்கெட் எடுத்து அனுப்பினார், அவருக்குக் கடையில் லீவு இல்லை, ஆகவே படைக்கு நானே தளபதி. ரெயிலில் போனோம். ரெயிலுக்கு லோஜினி பயப்படுவதில்லை, அது தண்டவாளத்த இறுக்கிப் புடிச்சிக்கிட்டுப் போகுது மாமா, பஸ்ஸுக்குப் புடிச்சிக்க என்னா இருக்கு என்கிறாள். (உன்னைப் போலவே அவர்களும் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள், தாத்தா என்றால் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.)

அந்த வண்டியின் உயரத்தை எப்படி எழுதுவேன். அதன் உச்சியில் நின்று சிவனொளிபாதமலையைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். கூடு கட்டப் போன ஒரு காகம் பாதியில் மூச்சு வாங்கிக் கம்பியில் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் கண்டேன். சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது என்று போர்டில் எழுதியிருந்தார்கள், எழுதியவன் அதில் ஏறியிருக்கமாட்டான். ஏறப்போகும் நேரம் எனக்கு ஒரு சந்தேகம், புது வண்டியாயிற்றே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்களா என்று. கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் பிள்ளைகள் ஏறும் வண்டியை நான் அப்படி விடுவேனா, அத்தை ரெயிலில் பித்தத்துக்கு முகர்ந்து பார்க்கக் கொடுத்துவிட்ட பழத்தை எடுத்து முன் சக்கரத்துக்கு நேராகத் தண்டவாளத்தில் வைத்துக் கும்பிட்டேன். வண்டி ஓட்டும் சிங்களப் பையன் ஐயோ மாமே என்று அலறியதில் முழுப் பூங்காவும் நின்றது. தண்டவாளத்தில் எதையும் வைக்கக் கூடாதாம். பழத்தை எடுத்து, தண்டவாளம் முழுவதையும் ஆட்கள் நடந்து பார்த்து, வெறும் வண்டியை இரண்டு தரம் ஓட்டி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. வரிசையில் காத்திருந்த நானூறு பேரும் எழுந்து நின்று எனக்கு மரியாதை செலுத்தினார்கள், மாமா அவங்க ஏசுறாங்க என்று தனுஷன் அதைத் தவறாக விளங்கிக்கொண்டான்.

பிறகு ஏறினோம். நடுவில் நான், இரண்டு பக்கமும் உன் பிள்ளைகள். மேலே போகப் போகக் கட்டாரே தெரிந்தது, நீ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய், நீலச் சட்டை, கை காட்டினேன், நீ கவனிக்கவில்லை. அப்புறம் அது கவிழ்ந்தது பார், என் குடலுக்கு முன்னால் நான் கீழே வந்து சேர்ந்தேன். அந்த நேரம் பின்னால் இருந்த எவனோ ஒரு கோழை, ஹட்டன் பஸ்ஸில் இறங்கக் கத்துவோமே அதே மாதிரி, பஹினவா, பஹினவா, நிப்பாட்டுங்கடா எறங்கணும் என்று கத்தினான். அந்தச் சத்தத்தைக் கம்பி கட்டிக் கொண்டுவந்திருந்தால் பொல்பிட்டிய நீர்மின்நிலையத்துக்கு ஒரு வாரம் தண்ணீரே தேவைப்பட்டிருக்காது. வண்டி நிற்கவில்லை, இன்னும் இரண்டு வளைவு போய்த்தான் நின்றது. பின்னுக்கு யாரும் இருக்கல மாமா, நம்மதான் கடைசி சீட்டு என்று தனுஷன் ஏதோ உளறினான், சின்னப் பிள்ளை.

லோஜினி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வர, என்னை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து முதுகைத் தடவினாள். அப்புறம் நிமிர்ந்து அந்த வண்டியைப் பார்த்தாள். மாமா, இதுல எவ்வளவு கத்துனாலும் நிப்பாட்ட மாட்டாங்க, பஸ்ஸுல ஒருக்கா பஹினவான்னா நிப்பாட்டிருவாங்கதானே என்றாள். நான் தலையை ஆட்டினேன்.

எலுமிச்சம்பழம் தின்ற அந்த ஒரு மணித்தியாலத்தால் எங்கள் ரெயில் போய்விட்டது. மிச்சம் ஹட்டன் பஸ் ஒன்றுதான். லோஜினி படிக்கு முன்னால் நின்று, நான் பஹினவான்னா எறங்கிருவேன், ஏசக் கூடாது என்று நிபந்தனை போட்டு, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கினிகத்தேனை தாண்டி முதல் பெரிய வளைவில் கத்தினாள், பஸ் நின்றது, இறங்கி ரோட்டைப் பார்த்தாள், ஏறிக்கொண்டாள். இப்படிப் பதினேழு தரம். பதினெட்டாவது தரம் கண்டக்டர், நங்கி, பஹினவத நெத்த, இறங்குறியா இல்லியா என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவள் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, நெ, இல்ல, இன்னும் ஹட்டன் வரலியே என்றாள். பஸ் முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு ஹட்டன் வரை அவள் ஒரு பஹினவாவும் போடவில்லை, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மகளே, நீ ஒழுங்காகச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து ஏசிக்கு நேராகப் படுக்காதே, அத்தை அனுப்பும் மிளகுத்தூளைக் கூடத் தங்கியிருப்பவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிடாதே. முக்கியமாக, ஊருக்கு டிக்கெட் போடாதே. ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு தலை நிமிர்ந்து வா. மாரியம்மன் உன்னோடு இருப்பாள், அவளுக்கு நேரமில்லை என்றால் அத்தையின் வேண்டுதல் இருக்கிறது.

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிப்பது போல இந்தக் கடிதத்திலும் நீ கழித்துக்கொள்வாய் என்று தெரியும். காகத்தைக் கழி, கட்டாரைக் கழி, பதினேழை மூன்றாக்கு, அந்தக் கோழை யாரென்றும் உனக்கே தெரியும். கழிக்க முடியாதது ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் திறந்த போன திங்கட்கிழமை காலை ஆறு இருபது ஹட்டன் பஸ்ஸில் லோஜினி வெள்ளைச் சட்டையோடு தனியாக ஏறினாள். நான் அவளுக்குத் தெரியாமல் பின் கதவால் ஏறி மரக்கறிச் சாக்குக்குப் பின்னால் குந்தியிருந்தேன். ஹட்டன் வந்ததும் பஹினவா என்று ஒரே ஒரு தரம் கத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, மாமா, நீங்களும் எறங்குங்க என்றாள். அது மட்டும் நிஜம்.

உன் நலம் வேண்டும்,
ஆண்டியப்பன் மாமா
(ஓய்வு பெற்ற சாரதி, இனி ரோலர் கோஸ்டரிலிருந்தும் ஓய்வு)