பென்சில் கேள்விக்குறி

மார்ச் 3, செவ்வாய்

காலை நடை இருபத்திரண்டு நிமிடம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டேன். (சாப்பிட்டேனா? அட்டையை எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டிருக்கிறேன்.)

இவளுக்கு அஞ்சல்வழித் தமிழ்ச் சான்றிதழ்த் தேர்வு இருபத்தொன்றாம் தேதி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தி என்னைக் கட்டிக்கொண்டவள், அறுபத்து நான்கு வயதில் நோட்டுக்கு அட்டை போடுகிறாள்.

"என்னங்க, உருபு, உருபன், விகுதி, விகாரம்... எல்லாம் ஒரே மாதிரி காதுல விழுது. எது என்னன்னு சொல்லுங்களேன்."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பாடநூல் அச்சகத்தில் நாற்பது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். மூன்று நூல்களைப் பார்க்காமல் வாய் திறந்ததில்லை.

மார்ச் 6, வெள்ளி

மூன்றும் பார்த்தாயிற்று. இரண்டு ஒத்துப்போகின்றன. மூன்றாவது, உருபனைக் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்கிறது. நான்காவது ஒன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

மார்ச் 7, சனி

நூலகத்திலிருந்து திரும்பினால் கூடத்தில் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். இவளுடைய அண்ணன். கீழ்த் தளத்தில் குடியிருக்கிறார். தையல் மெஷின் விற்றே காலம் தள்ளியவர். எதையும் விற்றுவிடுவார்.

"இங்க பாரும்மா, சொல்லுங்கறது சட்டை. அதுல மாட்டுறதெல்லாம் பட்டன். உருபும் பட்டன்தான், உருபனும் பட்டன்தான். அது பழைய பேரு, இது புதுப் பேரு. முடிஞ்சுது!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணன் சொன்னா பளிச்சுனு மண்டையில ஏறுது" என்று எழுதிக்கொண்டாள்.

"என்ன மாப்பிள்ளை, நாலு நாளா தேடுறீங்களாமே? கிடைச்சுதா?"

"இன்னும் ஒரு புத்தகம் பாக்கி" என்றேன். இருவரும் மறுபடி சிரித்தார்கள்.

நான் சொல்லி இவள் கடைசியாக எப்போது இப்படிச் சிரித்தாள்? யோசித்துப் பார்த்தேன். தேதி கிடைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பட்டனாம்.

மார்ச் 13, வெள்ளி

மச்சான் சொன்னது தப்பு. நான்கு நூல்களையும் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒரே சொல் போதும்: மரங்களை. மரம், கள், ஐ. கடைசியில் நிற்கும் 'ஐ' வேற்றுமை உருபு. 'கள்' பன்மை விகுதி. ஒட்டும்போது 'ம்' போய் 'ங்' வந்ததே, அது விகாரம். மரம், கள், ஐ என்று பொருள் தரும் துண்டுகள் மூன்றுமே உருபன்கள். உருபு எல்லாம் உருபன்தான். உருபன் எல்லாம் உருபு ஆகாது.

துண்டுச் சீட்டில் எழுதினேன். மூன்று நாளாகச் சட்டைப்பையில் கிடக்கிறது. ஏன் கொடுக்கவில்லை? அவர் பாதிப் படி ஏறும்போதே இவள் நோட்டை விரித்துவிடுகிறாள். எனக்கு விரிப்பதில்லை.

அந்தக் கேள்வியே வரட்டும். தப்பாகவே எழுதட்டும். அப்போது தெரியும், யார் —

சீ. இதை எழுதியது என் கைதானா? இந்த வரியை அடிக்க மாட்டேன். இருக்கட்டும்.

மார்ச் 20, வெள்ளி

அவள் மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். நோட்டைத் திறந்தேன். 'உருபன் = உருபின் வேறு பெயர்.' பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

இது என் தொழில் வழக்கம். எழுதியவர் வரியை நான் அடித்ததே இல்லை. ஓரத்தில் கேள்வி போடுவேன், முடிவு அவர்களுடையது. ஆனால் இந்த வீட்டில் என் கேள்விக்குறி காலண்டரில் இருக்கிறது, மருந்துச் சீட்டில் இருக்கிறது, வாஷிங் மெஷின் கையேட்டில் இருக்கிறது. அவள் அதைக் கவனிப்பதை விட்டே பல வருடம் ஆகிறது. அது தெரிந்துதான் போட்டேன். சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று.

மார்ச் 21, சனி

துள்ளிக்கொண்டு வந்தாள். "அதே கேள்விங்க! உருபன் என்றால் என்ன, சான்று தருக. பத்து மார்க்! அண்ணன் சொன்னதை அப்படியே எழுதிட்டேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டேன். "நோட்டுல ஓரமா ஒண்ணு போட்டிருந்தேனே, பாக்கலையா?"

"நீங்க எதுக்குத்தான் போடலை? நம்ம கல்யாணப் பத்திரிகையிலேயே உங்க பேருக்குப் பக்கத்துல போட்ட ஆளுதானே!"

ஏப்ரல் 30, வியாழன்

முப்பத்து நான்கு. தேறுவதற்கு நாற்பது வேண்டும். ஆறு குறைவு. அந்தக் கேள்விக்கான பத்தும் போயிற்று.

"திருத்துனவன் தூங்கிட்டே திருத்தியிருப்பான், விடும்மா" என்று சொல்லிவிட்டு மச்சான் கீழே போனார். அவள் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

சொல்லிவிட்டேன். "அது தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் சும்மா இருந்தேன். அவர் சொன்னா நீ சிரிக்கறே. எனக்குப் பொறுக்கலை."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"நாப்பத்தாறு வருஷமா, ஒரு தடவையாவது எதையாவது அடிச்சுச் சொல்ல மாட்டீங்களான்னு பார்த்துட்டிருக்கேன். அதை இதுக்காவது செஞ்சிருக்கக் கூடாதா?"

அறைக்குள் போய்விட்டாள். கதவை ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலை.

மே 1, வெள்ளி

சட்டைப்பையில் இருந்த சீட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பிட்டு எழுந்தபோது சீட்டு அங்கே இல்லை.

மே 4, திங்கள்

மறுதேர்வுக்குப் பதிந்துவிட்டாளாம். காலையில் என் நாற்காலியில் அவளுடைய நோட்டு, மேலே புதிய சிவப்புப் பேனா.

"ஒண்ணு சரி, இல்லேன்னா தப்பு. கேள்விக்குறி ஒண்ணு கண்ணுல பட்டுச்சோ, பேனாவைப் பிடுங்கிடுவேன்."

நோட்டு முழுவதும் பார்த்தேன். பதினேழு இடங்களில் அடித்தேன்.

சாயங்காலம் மச்சான் வந்தார். நோட்டைப் புரட்டினார். "என்ன மாப்பிள்ளை, என் பட்டனுக்கு மேல இவ்வளவு ரத்தம்?"

"தப்பு மச்சான்" என்றேன். "பட்டன் மட்டும் இல்லை, சட்டைத் துணியும் உருபன்தான்."

அவர் நோட்டை மூடி வைத்தார். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"காதுல விழலை" என்றாள் அங்கிருந்தே. "இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா."

சொன்னேன்.