ஒரு சொல்லுக்குத் தப்பான தாய்

மார்ச் 3
ஆங்கில–தமிழ் அகராதி அலுவலகத்திலிருந்து கடிதம். புதிய பதிப்பின் வெளியீட்டு விழாவில் ‘மறைந்த பேராசிரியரின் துணைவியார்’ மேடையில் அமர வேண்டுமாம். எழுபத்தெட்டு வயதில் எனக்குப் பெயர் கிடையாது. கடிதத்தில் இரண்டு காற்புள்ளிகள் தப்பு.

மார்ச் 5
போனில் மகனுக்கு ஒரே பூரிப்பு. “அப்பாவுக்கு எவ்ளோ பெரிய மரியாதை பாருங்கம்மா!”
அப்பாவுக்கு. ஆங்கில எழுத்து ஐ முதல் எம் வரை, சொல்லுக்கு ஒன்றாகப் பதினோராயிரம் அட்டைகள். சமையலறை மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்து நான் எழுதியவை. சம்பளம் வாங்குபவர்தான் ஒப்பமிட வேண்டும் என்பது அலுவலக விதி. மூலையில் அவருடைய முதலெழுத்தையும் நானே போட்டேன். அவர் எழுதியதை நான் படியெடுத்துத் தருவதாக அங்கே எல்லோரும் நினைத்தார்கள். அவர் மறுக்கவில்லை.

மார்ச் 9
புதிய பதிப்பாசிரியை வந்தாள். சின்னப் பெண். “மேடம், இன்கேண்டெசன்ட் அட்டையைப் படிச்சுட்டுதான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.” பொருள்களை ஒப்பித்தாள்: சூட்டில் வெண்மையாக ஒளிர்கிற, கண் கூசுகிற, சினத்தில் தகிக்கிற. என் சொற்கள்!
பிறகு இழுத்தாள். “சொல் பிறந்த மூலத்துல மட்டும் ஒரு தப்பு. கேண்டில்லேர்ந்து வந்ததுன்னு ஐயா எழுதிட்டார். ரெண்டுமே ‘கேண்டேரே’ங்கிற லத்தீன் வினையோட பிள்ளைங்க. வெண்மையா ஒளிர்றதுன்னு அர்த்தம். ஐயாவோட பிழைன்னு முன்னுரையில குறிப்பிடணும்...”
அக்காளை அம்மா என்று எழுதியிருக்கிறேன். கான்வென்டில் தினமும் மெழுகுவர்த்தி முன் முட்டி போட்ட புத்தி. புத்தகத்தைப் புரட்டாமலே எழுதிவிட்டது.
“காபி குடிக்கிறியா?” என்றேன்.

மார்ச் 10
பேசாமல் இருந்துவிடலாம். புகழ் முழுவதையும் வாங்கிக்கொண்டவர் ஒரு தப்பையும் வாங்கிக்கொள்ளட்டுமே.

மார்ச் 11
என்னைவிட அவருக்கு லத்தீன் நன்றாகத் தெரியும். அட்டையைப் பார்த்திருந்தால் உடனே பிடித்திருப்பார். பார்க்கவே இல்லை — அப்படியென்றால் — ஒன்றைக்கூடவா? ஒன்பது வருஷம் அட்டைகளைப் பெட்டியில தூக்கிட்டுப் போனாரே, ஒருநாள்கூடத் திறந்து படிக்கலையா?

மார்ச் 12
பதிப்பாசிரியையைப் போனில் கூப்பிட்டேன். “அந்தப் பிழை என்னோடது. ஐ முதல் எம் வரைக்கும் எல்லாமே என்னோடதுதான்.”
“மேடம்... எதை வச்சு நான் பதிப்புக் குழுகிட்ட சொல்றது?”
“லாம்பென்ட் அட்டையை எடு. எரிக்காம மேலாகத் தவழ்ற சுடர். நக்குறதுங்கிற வினையிலேர்ந்து வந்தது. அப்படி எழுதக் கூசி முதல்ல ‘வருடு’ன்னு எழுதி, அப்புறம் அதை அடிச்சுட்டு ‘நக்கு’ன்னு போட்டிருப்பேன். படியெடுக்கிறவ கூசுவாளா?”
காகிதச் சலசலப்பு. “அடிச்சிருக்கு மேடம்.”
மாலையில் விஷயம் தெரிந்து மகன்: “இந்த வயசுல அப்பா பேரைக் கெடுக்கணுமா? ஊர் சிரிக்கும்மா.”
“சிரிக்கட்டும்.” போனை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 2
வெளியீடு. மேடையில் எனக்கு நாற்காலி இல்லை; மூன்றாம் வரிசை. மகன் வரவில்லை. முன்னுரையைப் புரட்டினேன். ‘பேராசிரியரின் ஒப்பற்ற உழைப்பு’ அப்படியே இருக்கிறது. அடிக்குறிப்பில்: ‘இன்கேண்டெசன்ட் என்ற சொல்லின் மூலத்தில் இருந்தது படியெடுத்தபோது நேர்ந்த பிழை; இதை அவர்தம் துணைவியாரே ஒப்புக்கொண்டார்.’
பதிப்பாசிரியை கண் சிவந்து நின்றாள். “எவ்வளவோ சண்டை போட்டேன் மேடம். குழுவுல பெரியவங்க ஒத்துக்கல.”
“ஒத்துக்கிட்டாங்களே,” என்றேன். “தப்பு மட்டும் என்னோடதாம்.”

ஏப்ரல் 5
அப்பாவின் படம் இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று மகன் ஆள் அனுப்பினான். கழற்றிக் கொடுத்துவிட்டேன். கூடத்துச் சுவரில் அந்தச் சதுரம் மட்டும் அழுக்குப் படாமல் இருக்கிறது. காலை வெயில் நேராக அதன்மேல்தான் விழுகிறது. என்ன வெண்மை!
வேறு எதையும் அங்கே மாட்டப்போவதில்லை.