சுஷி எடுத்த கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்க நோய் நொடி இல்லாம இருக்கணும். இங்க எல்லாரும் சௌக்கியம்னு வழக்கமா எழுதற வரியை இந்தத் தடவை எழுத கை வரலை கண்ணு. அப்பா சாப்பிட மாட்டேங்கறார். நீ போன்ல கேக்கும்போதெல்லாம் ஏதோ கொஞ்சம் சாப்பிடறார்னு சொன்னேனே, அத்தனையும் பொய். பக்கத்துலயே காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கற மனுஷனை வச்சுக்கிட்டு வேற என்னத்தைச் சொல்றது. அதான் பேப்பர்ல எழுதறேன், முடிச்சதும் போட்டோ எடுத்து அனுப்பறேன். இப்பவும் அவர் எனக்குப் பின்னால தையல் மெஷின்கிட்டதான் இருக்கார், நான் அவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஏன்னு சொல்றேன், பொறு.

நீ அவரைக் கடலோரம் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டிட்டு, இங்க கொண்டு வந்து விட்டுட்டுப் போனதுலேர்ந்து இப்படித்தான். முதல்ல உன்மேலதான் எனக்குக் கோவம். வாதம் வந்து கை நடுங்கற மனுஷனை அத்தனை தூரம் இழுத்துக்கிட்டுப் போனதே தப்பு, அதுல பச்சை மீனை வேற வாங்கிக் குடுத்துட்டு, அப்பா சுஷியா உள்ள தள்ளறாரும்மா, நண்டு கணவா ஒண்ணையும் விடலைன்னு போன்ல சிரிச்சே பாரு, எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. நான் மாசக் கணக்கா ஊட்டி ஊட்டி நாலு வாய் இறங்காத மனுஷன், எவனோ சோத்து உருண்டை மேல வேகாத மீனை வச்சுப் பிடிச்சுக் குடுத்ததை வெட்டறாராம். சரி, கடல் ருசி ஒட்டிக்கிச்சு போலன்னு நானும் விடலை. மீன்காரம்மாகிட்டப் போய் பச்சையா சாப்பிடற மாதிரி ஒரு மீன் குடுன்னு கேட்டேன். அவ என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, வீட்டுல யாரைக் கொல்லப் போறேன்னு கேட்டா, நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க, மானமே போச்சு. அப்புறம் இறாலை வேகவச்சேன், நண்டை உடைச்சு சதையைப் பிச்சு எடுத்தேன், விரலெல்லாம் கீறல், அதைச் சோத்துல போட்டு மசிச்சு, அவர் கழுத்துல துண்டைக் கட்டி, ஸ்பூனை வாய்கிட்டக் கொண்டு போனா உதட்டை இறுக்கி மூடிக்கறார். கெஞ்சினேன், அழுதேன், ஒரு நாள் தாங்க முடியாம என்னை ஏன் இப்படிச் சாகடிக்கிறீங்கன்னு கத்தியும் விட்டேன். துண்டை உருவி எறிஞ்சார், அவ்வளவுதான். உன் சித்தி வேற வந்து அவர் எதிர்லயே, மாமா எலும்பும் தோலுமா ஆயிட்டாரேன்னு மூக்கைச் சிந்திட்டுப் போறா. தொண்டையில ஒரு கோளாறும் இல்லை, திங்கக்கிழமைக்குள்ள சாப்பிட ஆரம்பிக்கலைன்னா மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டார். அதைக் கேட்டதும் அப்பா என்னைப் பார்த்தார் பாரு, ஐயோ. குழாயைப் போட்டா பிடுங்கி எறிஞ்சிடுவார், எனக்குத் தெரியாதா அவரை. கண்ணெதிர்லயே கரைஞ்சு போறார், நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கறேன், பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்குடி.

இன்னிக்குக் காலையில அழறதுக்குன்னே நீ அனுப்பின போட்டோவை எடுத்தேன். அந்தச் சுஷிக் கடையில நீயும் அப்பாவும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கீங்களே, அந்தப் படம். இத்தனை நாளும் தட்டுல இருக்கறது என்ன மீன்னுதான் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்துக்கிட்டிருந்தேன், கூறு கெட்டவ. இன்னிக்குத்தான் கையைப் பார்த்தேன். நடுங்கற அந்தக் கையாலயே எடுத்து வாய்க்குக் கொண்டு போறார். கழுத்துல துண்டு இல்லை. அவரே தைச்ச நீலச் சட்டை, அதுல ஒரு கறை இல்லை. நீ பக்கத்துல இருக்கே, ஆனா அவரைப் பார்க்கலை, உன் தட்டைப் பார்த்துக்கிட்டு மென்னுக்கிட்டிருக்கே. ஒரு வாய்க்கு ஒண்ணு, இறுக்கிப் பிடிச்ச சோறு, சிந்தாது, ஸ்பூன் வேண்டாம், யாரும் ஊட்ட வேண்டாம். கட்டிங் மாஸ்டரா இருந்தவர்டி, காலர்ல ஒரு நூல் தொங்கினாலும் அந்தச் சட்டையைக் கடையை விட்டு வெளிய அனுப்ப மாட்டார். அவருக்குப் போய் பச்சைக் குழந்தைக்குக் கட்டற மாதிரி துண்டைக் கட்டி, வந்தவங்க போனவங்க முன்னாடி எல்லாம் வாயைத் துடைச்சு விட்டிருக்கேன். மீன் மேல பழியைப் போட்டுக்கிட்டு அலைஞ்சேன் பாரு.

அதான் இப்ப சோத்தைக் கொஞ்சம் குழைய வடிச்சு உருண்டை பிடிச்சேன். முதல்ல பிடிச்சதெல்லாம் உதிர்ந்து போச்சு, அப்புறம் கையை நனைச்சுக்கிட்டுப் பிடிச்சா நின்னுச்சு. ஒவ்வொண்ணு மேலயும் ஒரு இறாலை உக்கார வச்சு, எட்டு உருண்டையைத் தட்டோட அவர் முன்னாடி வச்சுட்டு, எனக்கு லெட்டர் எழுதற வேலை இருக்குன்னு சொல்லிட்டு இப்படித் திரும்பி உக்காந்துட்டேன். துண்டு கொடியிலயே தொங்குது. அங்க கடையில அவர் முதல் சுஷியைக் கையில எடுத்தப்ப நீ என்ன பண்ணினே, ஏதாவது பேச்சுக் குடுத்தியா, சும்மா இருந்தியா, அதை மட்டும் எனக்கு எழுது. இப்ப நாற்காலி கிறீச்சுன்னுச்சு. முதுகெல்லாம் காதா இருக்கு எனக்கு. எடுத்தாரா, தள்ளி வச்சாரா, தெரியலை. இதுவும் இல்லைன்னா என்கிட்ட வேற வழி கிடையாது கண்ணு.

நீ வேலைக்கு ஓடற அவசரத்துல வெறும் ரொட்டியைக் கடிச்சுட்டுப் போகாதே. பச்சை மீனை அடிக்கடி திங்காதே, உனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வயிறு ஆகாது. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா, வயிறும் மனசும் நிறைஞ்சு நல்லா இருக்கணும். இதைப் படிச்சதும் பதறிப் போய் போன் பண்ணிடாதே, மணி அடிச்சா கையை எடுத்துடுவார். மறந்துடாதே, எழுதித்தான் அனுப்பணும்.

இப்படிக்கு,
உன் அம்மா

மனசு கேக்காம, பேனா மூடியைத் தேடற மாதிரி திரும்பிட்டேன். தட்டுல இப்ப அஞ்சுதான் இருக்கு. மெஷின் மேஜையில சிந்தின சோத்தை உள்ளங்கையால மூடிக்கிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டிருக்கார். நான் ஒண்ணும் பார்க்கலைடி.