இழுவைக் கொக்கி

என்னங்க,

நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நேரா ஷெட்டுக்குத்தான் ஓடுவீங்க. அதான் முன்னாடியே சொல்லிடறேன்: உங்க டிரெய்லர்ல கை வச்சுட்டேன். கத்தாதீங்க.

படகோட அடிக்கட்டை இப்போ டிரெய்லரோட உருளை ரோலர் மேலதான் உட்கார்ந்திருக்கு. பக்கத்துக் கட்டைகள் படகைச் சாயாம பிடிச்சுக்குதே தவிர, அதோட பலகையை அழுத்தல. படகைக் கொஞ்சம் முன்னாடியும் தள்ளிட்டேன். பின்பாரம் கூடினா ரோட்டுல டிரெய்லர் வாலாட்டும்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க.

அன்னைக்கு நீங்க படகுக்குள்ள சரிஞ்சதும் துடுப்பு மட்டும் மிதந்து வந்ததைக் கரையிலிருந்து பார்த்தவ நான். அதைப் பத்திப் பேசாதேன்னீங்க. பேசல. நீங்களா மாத்திரையை நிறுத்தியிருக்கீங்கன்னு டாக்டர் சொன்னப்பவும் வாயைத் திறக்கல.

இன்னும் ஒண்ணு. உங்க ஜீப்புல டிரெய்லரை மாட்டற இழுவைக் கொக்கியைக் கழட்டி என் கார்ல மாட்டச் சொல்லிட்டேன். "அண்ணன் பார்த்தா நாம தொலைஞ்சோம் அண்ணி"ன்னு வெல்டர் தம்பி பயந்துட்டே மாட்டினார்.

இனிமே படகு தண்ணியில இறங்கினா, நானும் அதுல இருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உங்களுக்கே தெரியும். மாத்திரையைப் போடறதும் போடாததும் உங்க இஷ்டம்.

இனிமேல் உங்கள் டிரைவர்