பத்து வரை எண்ணாதவள்

செவ்வாய், இரவு

வங்கி வேலையை விட்டுச் சிறப்புக் கல்வி படிப்பதே என் மகள் மீனுவுக்காகத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் ஒன்று கேட்டால், மனத்துக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் மறுபடி வாயைத் திறக்க வேண்டும். இன்று பயிற்சி வகுப்பில் யார் வீட்டுப் பிள்ளைக்காகவோ அப்படிக் காத்திருந்தேன். மேடம் பாராட்டினார்.

சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில், "எந்த ஷூ வேணும்? சொல்லு மீனு, ஜல்தி!" என்று மூச்சு விடாமல் மூன்று முறை கத்தினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொறுமையெல்லாம் மத்த பிள்ளைங்களுக்குத்தானா?" என்றார் என் கணவர். எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் எரிச்சல்.

அரைமணி கழித்து மீனு என் பையைத் துழாவினாள். இந்தியில் நடக்கும் வகுப்புக்காக நான் வரைந்த பட அட்டைகளில் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். விரித்த உள்ளங்கை. கீழே இந்தியில், என் கையெழுத்தில்: பொறு.