ஒரு மணி நேரம் வாய் திறக்காமல்

ஜனவரி 20, 2025 – திங்கள்

இன்று வெள்ளிமலைக்கும் மேலே போய் வந்தேன். பாறைக்கு அடியில் என்ன தாது இருக்கிறதென்று பார்க்க ஒரு கம்பெனி துளை போடப்போகிறது. அதற்கு முன்னால் அங்கே எந்தப் பிராணி, எந்தப் பறவை குடியிருக்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. எப்போதோ படித்த விலங்கியலுக்கு நாற்பத்தொன்பது வயதில்தான் சோறு கிடைத்திருக்கிறது.

வேலையில் ஒரே ஒரு விதி. குறித்த இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல், வாய் திறக்காமல் உட்கார வேண்டும். இதற்கு என்னைப் பிடித்துப் போட்ட எங்கள் மேலதிகாரி விஜயராகவன் சாரின் துணிச்சலை மெச்சவேண்டும். "தூக்கத்துலகூட பக்கத்து வூட்டு கததான் பேசறீங்க" என்பாள் நிர்மலா. கட்டிய மனைவி, பொய் சொல்லமாட்டாள்.

கடைசி இடம் பொத்தப் பாறை. பக்கத்துக் கொல்லையில் ஓர் அம்மா மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தார். சாமியம்மாள்.

"இன்னா சார், பாறைய மொறச்சிகினு குந்திகிறீங்க?"

"பொண்ணு பாக்க வந்திருக்கேம்மா."

சிரித்துவிட்டார். எனக்கு அது போதாதா? யார் யாரைக் கூட்டிக்கொண்டு ஓடினார்கள், யார் வீட்டுப் பலா யார் வீட்டில் பழுத்தது – ஊர்க்கதை முழுவதும் வாங்கிக்கொண்டு, எங்கள் ஊர் சின்னசேலம் கதை முழுவதும் கொடுத்தேன். நடுவில் கொடுவாளை நீட்டிப் பாறையின் பொந்தைக் காட்டினார். "அந்தப் பொடவுல கொம்பன் ஆந்த மூணு குஞ்சு வெச்சிருக்கு சார். அது இருக்கங்காட்டிதான் எங்க கொல்லையில எலி கம்மி. கம்முனு குந்துங்க, தாய் வரும்."

"ஆந்தையா? எங்க ஆபீஸ்லயே ஒண்ணு கீதும்மா. ஏசி ரூம்ல."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் பாறைப் பக்கம் திரும்பவே இல்லை. கீழே பஸ் ஹாரன் அடித்தது.

படிவத்தை பஸ்ஸில் நிரப்பினேன். அமைதியாகக் கவனித்த நேரம்: 60 நிமிடம். அரிய வகைகள்: இல்லை. அடுத்து, 'உள்ளூர்வாசி சொன்னது'. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்கள். 'சாமியம்மாள் – அப்படி எதுவும் இல்லை என்றார்.'

ஆந்தையை மறந்துவிட்டேனா? இல்லை. எழுதினால் அதைச் சரிபார்க்க இன்னும் மூன்று நாள் மலையேற வேண்டும், வாயை மூடிக்கொண்டு. எழுத்து கோணலாக இருக்கிறது. மலைப் பாதை, பஸ் குலுங்கியது. அவ்வளவுதான்.

ஜனவரி 23 – வியாழன்

ஆபீஸில் ஏசி ரூம் ஆந்தை ஜோக்கைச் சொன்னேன். டைப் அடிக்கும் மணிமொழி டீயைத் துப்பிவிட்டது. நல்ல நாள்.

பிப்ரவரி 11 – செவ்வாய்

சாமியம்மாள் போன் செய்தார். நம்பரை நானேதான் கொடுத்திருந்தேன், பெரிய மனுஷன் மாதிரி.

பொக்லைன் வந்து பாறைக்கு வழி வெட்டுகிறதாம். ஊர்க்காரர்கள் தடுக்கப் போனபோது கம்பெனி ஆள் அறிக்கையை எடுத்து எல்லார் முன்னாலும் படித்திருக்கிறான். அவர் பெயரோடு.

"நான் எப்ப சார் இல்லன்னு சொன்னேன்? வெரல நீட்டி காட்டினேனே. ஊர்ல ஒருத்தரும் எங்கிட்ட பேசமாட்றாங்க. பாறைய வித்துட்டா வித்துட்டான்றாங்க. எம்புருசனே மூஞ்ச திருப்பிகினு குந்திகிறாரு."

"டைப் அடிக்கறப்ப தப்பாயிருக்கும்மா. பாக்கறேன்."

மணிமொழி இதுவரை ஒரு எழுத்துகூடத் தப்பாக அடித்ததில்லை.

பிப்ரவரி 12 – புதன்

நிர்மலா: "இன்னா ரெண்டு நாளா வூடே அமைதியா கீது? ஒடம்பு செரியில்லயா?"

பிப்ரவரி 14 – வெள்ளி

சார் கூப்பிட்டு நேராகவே கேட்டார். "ஊர்ல ஏதோ ஆந்தைன்றாங்களே பகலவன். அந்தம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

வேண்டாத இடத்தில் எல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிற வாய். "இல்ல சார்." இரண்டே வார்த்தை.

இன்னாடா மனுஷன் நீ, பகலவா? கொல்லையில வேல செய்யறத விட்டுட்டு ஒனக்கு அந்தம்மா சிரிச்சி காட்டிச்சே, அதுவா அது செஞ்ச குத்தம்? வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. கோமாளி என்று எல்லோருக்கும் தெரியும், பொய்யன் என்று யாருக்கும் தெரியாது. அது போய்விடுமே என்ற பயம்.

பிப்ரவரி 18 – செவ்வாய்

ஊரில் கூட்டம். சார், கம்பெனி ஆட்கள், மலை ஜனம் நூறு பேர். சாமியம்மாள் ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஆள் உட்காரும் அளவு இடம் காலி.

என்னை எழுப்பிப் பேசச் சொன்னார்கள். தொண்டை வரைக்கும் ஒரு ஜோக் வந்தது – இப்போதும்! விழுங்கினேன்.

"இந்தம்மா சொன்னாங்க. மூணு குஞ்சுன்னு எண்ணி சொன்னாங்க. நாந்தான் இல்லன்னு எழுதினேன். ஒரு மணி நேரம் உக்காரவும் இல்ல. கத பேசிகினு இருந்தேன்."

அவர் புருஷன் வெள்ளையன் எழுந்தார். கத்தவில்லை. "அவ சொன்னத எழுத ஒனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்?"

பஸ்ஸில் இல்லை என்று எழுத ஆன நேரம்தான் ஆகியிருக்கும்.

கூட்டம் முடிவதற்குள் இரண்டு பெண்கள் நகர்ந்து போய் சாமியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

குஞ்சுகள் பறக்கும்வரை வேலை நிற்கும், பிறகு வேறு ஆட்கள் வந்து புதிதாகக் கணக்கெடுப்பார்கள் என்று முடிவு. ஜீப்பில் ஏறும்போது சார் என் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "ஏசி ரூம் ஆந்தை நான்தானே?"

"ஆமாம் சார்."

இன்றைக்குச் சொன்ன இன்னொரு உண்மை.

மார்ச் 9 – ஞாயிறு

நேற்று சாமியம்மாள் போன். "பாக்கணும்னா வாங்க. பேசாம வரணும்." வைத்துவிட்டார்.

சாயங்காலம் ஐந்து இருபதுக்கு உட்கார்ந்தேன். அவரும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். எறும்பு கடித்தது. ஒரு நல்ல கதை நினைவுக்கு வந்தது, போகட்டும் என்று விட்டேன். ஆறு மணிக்கு மேல் தாய் வந்தது, காலில் எலியோடு. பொடவுக்குள்ளிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூன்று விரலைக் காட்டி, கேள்வியாக அவரைப் பார்த்தேன். அவர் பாறைக்குக் கீழே, பொக்லைன் தள்ளிவிட்டுப்போன செம்மண் குவியலைப் பார்த்தார்.

அமைதியாகக் கவனித்த நேரம்: 60 நிமிடம்.
கொம்பன் ஆந்தை: தாய் ஒன்று, குஞ்சு இரண்டு.
உள்ளூர்வாசி சொன்னது: ஒன்றும் சொல்லவில்லை.